பரணில் ஒன்று, கூடத்தில் ஒன்று: மன்னார்குடிப் பக்கத்து வீடு ஒன்றில் இரண்டு கிட்டார்கள்

தஞ்சாவூரில் கிட்டார் சொல்லித்தருகிறேன், கூடவே செட்டப், சின்னச் சின்ன ரிப்பேர் வேலைகளும் பார்க்கிறேன். இங்கே எழுதப்போவது என்னிடம் படித்த ஒருவரின் வீட்டில் ஆடியில் தொடங்கி மாசி வரை நடந்தது. வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர்களை விட்டுவிட்டேன். டெல்டாவில் ஆற்றையும் வாய்க்காலையும் ஒட்டிய பழைய வீட்டில் கிட்டார் வைத்திருக்கும் யாருக்கும் இதில் பாதியாவது நடந்திருக்கும், இல்லையென்றால் நடக்கப்போகிறது. அதனால் என் பக்கத்துத் தவறையும் சேர்த்தே முழுசாக எழுதிவிடுகிறேன்.

பின்னணி

வீடு மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணி ஆற்றிலிருந்து கூப்பிடு தூரம். பழைய ஓட்டு வீடு. நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், அப்புறம் கூடம், கூடத்தை ஒட்டி ஒரு அறை. பின்கட்டில் பிற்பாடு தளம் போட்டுக் கட்டிய இன்னொரு அறை, ஆனால் அதன் வெளிச்சுவர் மட்டும் பழைய சுவரேதான், சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் வயல். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் தை வரைக்கும் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி நிற்கும், வெள்ளை அடித்தாலும் இரண்டு மாதத்தில் பொருக்குப் பொருக்காக உதிரும்.

வீட்டில் மூன்று பேர். அப்பாயி, அம்மா, 24 வயது மகன். அப்பா சிங்கப்பூரில் வேலை. மகனை இனிமேல் தம்பி என்றே சொல்கிறேன்.

தம்பி எட்டாம் வகுப்பு படித்தபோது அவருடைய மாமா சென்னையிலிருந்து ஒரு அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கி வந்து கொடுத்தார். வாரம் ஒருமுறை பஸ் ஏறி என்னிடம் வந்து கற்றுக்கொண்டார், நான்கு வருடம் விடாமல் வந்தார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தபோது முன்கட்டில் ஓடுகள் பறந்து கூடத்துக்குள்ளேயே மழை பெய்தது. அம்மா கிட்டாரை அதன் துணிப்பைக்குள் போட்டு, மேலே உர மூட்டைக்குள் வரும் பாலித்தீன் உறையைச் சுற்றி, சணல் கட்டி, தளம் போட்ட பின்னறையின் பரணில் ஏற்றினார். வீட்டில் நனையாத இடம் அது ஒன்றுதான். அதற்கப்புறம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தது, பிறகு பிளஸ் டூ பரீட்சை, பிறகு திருச்சியில் கல்லூரி. கிட்டார் பரணிலேயே இருந்துவிட்டது. வகுப்புக்கு வராத மாணவரிடம் ‘கிட்டார் எங்கே இருக்கு’ என்று நானும் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை.

புது கிட்டார்

வேலைக்குப் போன இரண்டாம் வருடம், ஆடிப்பெருக்குக்கு மூன்று நாள் முன்னால், சம்பளத்தில் சேர்த்த பணத்தில் திருச்சியில் ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினார். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம், மேப்பிள் மரத்தில் நெக் (விரல் ஓடும் நீண்ட கழுத்துப் பகுதி), கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் சிங்கிள் காயில் பிக்கப் மூன்று. கூட ஓசையைப் பெருக்கிக் கொடுக்கும் ஒரு சின்ன பத்து வாட் ஆம்ப்.

முதல் மூன்று வாரம் மனுசன் தூங்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அக்கூஸ்டிக்கில் தடித்த கம்பியோடு மல்லுக்கட்டிய விரலுக்கு, 10 கேஜ் கம்பி வெண்ணெய் மாதிரி இருந்ததாம் (கேஜ் என்பது கம்பியின் தடிமன்). பழைய கிட்டாரில் மூன்றாம் கம்பியை அரை சுரம் வளைப்பதற்குள் விரல் நுனி எரியும், இதில் ஒரு முழு சுரமும் அதற்கு மேலும் தள்ள முடிகிறது. ராஜகோபாலசுவாமி கோயில் புறப்பாட்டில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காது அது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் இழுத்துக்கொண்டு போகும் அந்த இழைவைக் கம்பியை வளைத்தே கொண்டுவர முடியும் என்று தெரிந்தவுடன் ராத்திரி பதினொன்றரைக்கு எனக்கு ஃபோன் செய்து வாசித்துக் காட்டினார். சுத்தமாக வரவில்லை, சுருதி சில இடத்தில் மேலே ஏறிவிட்டது, ஆனாலும் என்ன செய்யப் பார்க்கிறார் என்பது தெளிவாகக் கேட்டது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினில் கமகத்தைக் கொண்டுவந்து காட்டிய பிறகு இதை யாரும் விளையாட்டு என்று சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டிருந்த அப்பாயி, “சாமி வெளிய வர்றாப்புல இருக்கேப்பா” என்றது எனக்கும் ஃபோனில் கேட்டது. நான் எத்தனையோ கச்சேரி பார்த்திருக்கிறேன், அந்த ஒரு வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது.

இந்த மகிழ்ச்சியை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிட்டாரை எங்கே வைப்பது என்று நாங்கள் பின்னால் எடுத்த எல்லா முடிவுக்கும் இதுதான் அடிப்படை.

முதல் அறிகுறி: கம்பியில் கடி

இரண்டாம் வாரத்தில், பேச்சோடு பேச்சாக, “சார், புதுக் கம்பி கொஞ்சம் கடிக்கிற மாதிரி இருக்கு, கால் ஈரமா இருந்தா ஜாஸ்தி” என்றார். எறும்பு கடிப்பது மாதிரி என்று விளக்கமும் சொன்னார். கால் ஈரம் என்றதுமே எனக்குத் திக்கென்றது. ஆம்ப்பை உடனே பிளக்கிலிருந்து கழற்றச் சொன்னேன். எலக்ட்ரீசியன் வந்து பார்க்கும் வரை மாட்டவே கூடாது, அதுவரை பேட்டரியில் ஓடும் சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் போதும் என்று சொல்லி, என்னிடம் இருந்த ஒன்றைப் பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன்.

எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகள் அவற்றின் கீழ் நுனியைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் வழியாக, கேபிளின் வெளி உறை வழியாக, ஆம்ப்பின் உலோக உடம்போடு இணைந்திருக்கும். கம்பியைத் தொட்டால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் குறைவதற்கும் இந்த இணைப்புதான் காரணம், அது சாதாரணம். ஆனால் வீட்டில் எர்த் இல்லாமல் போய், ஆம்ப்பில் ஏதாவது கசிந்தால் அதே வழியில் மின்சாரம் விரலுக்கு வந்துவிடும். யார்ட்பேர்ட்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் 1976ல் இங்கிலாந்தில் தன் வீட்டிலேயே, எர்த் சரியில்லாமல் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். மேடையில் இல்லை, வீட்டில். மாணவர்களிடம் இதை முதல் வகுப்பிலேயே சொல்வேன். அக்கூஸ்டிக்கில் தொடங்கியவர் என்பதால் தம்பியிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

எலக்ட்ரீசியன் வந்து ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தபோது மூன்று துளை சாக்கெட்டில் எர்த் துளைக்கு வயரே கிடையாது, பெட்டிக்குள் ஒரு துண்டு வயர் வெட்டி மடக்கி விடப்பட்டிருந்தது. வயல் மோட்டாருக்கு எர்த் இருக்கிறது, வீட்டுக்கு இல்லை. கொல்லையில் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுத்தார்கள். மெயின் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்சிசிபி ஒன்றும் போட்டார்கள். ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது. அதற்கப்புறம் கடி இல்லை, ஆம்ப்பின் இரைச்சலும் நன்றாகக் குறைந்தது. கிட்டாரால் வீட்டுக்கே எர்த் கிடைத்தது என்று அம்மா சொன்னார், குளியலறை கீசரும் இத்தனை வருடம் அதே வயரிங்கில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

முதல் முடிவும் என் தவறும்

கிட்டாரை எங்கே வைப்பது என்ற கேள்வி ஆவணியில் வந்தது. அதுவரை கட்டிலில், நாற்காலியில், ஊஞ்சலில் என்று கிடந்தது. ஊஞ்சல் சங்கிலி பட்டு மூன்றாம் நாளே முதல் கீறல் விழுந்துவிட்டது. வீட்டில் பூனை உண்டு, எலி உண்டு, அப்பாயியின் கைத்தடி உண்டு. சுவரில் ஹேங்கர் அடித்து மாட்டிவிடலாமா என்று கேட்டார். தாராளமாக மாட்டலாம் என்று ஃபோனிலேயே சொன்னேன். எந்த அறை, எந்தச் சுவர், எதனால் கட்டியது என்று கேட்கவில்லை.

தன் அறை என்பதால் பின்னறையில், அந்த வாய்க்கால் பக்கத்துச் சுவரில், எட்டு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பிளக் இரண்டு வைத்து ஸ்க்ரூ முடுக்கி மாட்டினார். ஒன்பதாம் நாள் ராத்திரி ஹேங்கரோடு சேர்ந்து கிட்டார் கீழே வந்தது. கான்கிரீட்டிலும் புதுச் செங்கல்லிலும் பிளக் விரிந்து கவ்விக்கொள்ளும். ஓதம் ஏறி ஊறிய சுண்ணாம்புக் காரையில் கவ்வ ஒன்றும் இல்லை. மறுநாள் அந்தத் துளையில் விரலை விட்டால் காரை ஈர மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. கிட்டார் மூன்றரை நான்கு கிலோதான், ஆனால் அது சுவரை விட்டு முன்னால் நீட்டிக்கொண்டு தொங்குவதால் மேல் ஸ்க்ரூவை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும்.

சேதம் குறைவு. கீழே சாக்கு அடுக்கி இருந்தது. கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பெக் ஒன்று வளைந்தது, கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் பெயின்ட் ஒரு நகத்தளவு பெயர்ந்தது. நெக் தப்பித்தது, அதற்கு வடிவமைப்பும் ஒரு காரணம். இந்த வகையில் தலைப்பகுதி நெக்கோடு நேராக, ஒரே மேப்பிள் துண்டில் இருக்கும். லெஸ் பால் என்ற மாடல் மாதிரி பின்பக்கம் சாய்ந்த தலை, மகாகனி நெக் என்றால் இந்த விழுகையில் நெக்கும் தலையும் சேரும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டுக்குப் பின்னால் முறிந்திருக்க நிறைய வாய்ப்பு, என்னிடம் வரும் முறிந்த நெக்குகளில் பெரும்பாலானவை அப்படித்தான் முறிந்து வருகின்றன.

அந்த வாரமே நான் நேரில் போனேன்.

பரணில் இருந்தது

பின்னறையில் ஹேங்கர் பெயர்ந்த இடத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பரணில் மஞ்சளாகிப்போன பாலித்தீன் மூட்டை கண்ணில் பட்டது. அது என்ன என்று கேட்டேன். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. இறக்கினோம்.

சணலை அறுத்து உறையைப் பிரித்ததும் முதலில் வந்தது வாடை, பழைய நெல் மூட்டையை மழைக்காலத்தில் பிரித்தால் அடிக்குமே, அதேதான். துணிப்பையின் ஜிப் துருவேறி நகரவில்லை, கத்தியால் கிழித்தோம். கிட்டாரின் முகப்பு முழுக்க சாம்பல் பூசினது போலப் பூஞ்சணம், விரலால் தொட்ட இடத்தில் மட்டும் மரம் தெரிந்தது. கம்பிகள் காப்பிக்கொட்டை நிறம். பெக் நான்கு திரும்பவே இல்லை. பிரிட்ஜின் பின் விளிம்பு பசை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது, அந்த இடைவெளியில் ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக உள்ளே போனது. முகப்பே பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு மாதிரி உப்பியிருந்தது. ஃப்ரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டை. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஆறு மில்லிமீட்டர், பாதிக்கும் கீழே இருக்க வேண்டிய அளவு. பின்பக்கத்தைத் தட்டினால் ஒரு இடத்தில் சடசடவென்றது, உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் பசை விட்டிருந்தது.

அம்மா நிலைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “பத்திரமாத்தானே வெச்சேன்” என்றார்.

அந்த ராத்திரி அவர் செய்தது சரி, அதை அவரிடமும் அழுத்திச் சொன்னேன். அன்றைக்கு அவர் அதைப் பரணில் ஏற்றியிருக்காவிட்டால் அடுத்த நாள் காலை கிட்டாரே மிஞ்சியிருக்காது. கெடுதல் பிறகு நடந்தது, மூன்று விதமாக. புயல் ராத்திரியின் ஈரம் துணிப்பையோடு உறைக்குள் போய், வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்றது. தளத்துக்கு ஒரு முழம் கீழே இருக்கும் பரண் சித்திரை வைகாசியில் அடுப்புப் பக்கம் மாதிரி காயும், சூட்டில் பசை இளகும். அப்புறம் கம்பிகளின் இழுப்பு. 12 கேஜ் கம்பி முழுச் சுருதியில் இருந்தால் எல்லாம் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் பிரிட்ஜை இழுக்கும். நனைந்த மரம், இளகிய பசை, அதன் மேல் ஒரு ஆள் எடைக்கு இழுப்பு, அதுவும் ஆறு வருடம். ஒரு மாதத்தில் பிரித்துக் கம்பியைத் தளர்த்திக் காற்றாட வைத்திருந்தால் இவ்வளவும் தவிர்ந்திருக்கும்.

பத்தாயம் சொன்ன இடம்

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இடம் யோசித்தோம். பின்னறை வேண்டாம் என்பது முடிவாகிவிட்டது. நான் கண்ணாடி அலமாரி ஒன்று செய்யலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது அப்பாயி உள்ளறையில் நெல் கொட்டிவைக்கும் பெரிய மரப்பெட்டியான பத்தாயத்தைக் கையைக் காட்டி, “அந்தப் பத்தாயத்த ஏன் காலு வெச்சு, சுவத்த விட்டுத் தள்ளி வெச்சிருக்காங்கன்னு நெனக்கிறீங்க? சுவத்துல ஒட்டுனாப்புல வெச்சா நெல்லே முளைச்சிரும், இது மரந்தானே தம்பி” என்றார்.

எழுந்து போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் கல் காலில் நிற்கிறது, உள்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. அந்தப் பக்கம் வெளிச்சுவரே இல்லை, நான்கு பக்கமும் வீடு. தரையின் ஓதமும் சுவரின் ஓதமும் எட்டாது, காற்று சுற்றி வரும், அடியில் கரையான் வந்தால் கண்ணில் பட்டுவிடும். மர வாத்தியத்துக்கு இதைவிட நல்ல இடத்தை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் சொல்லியிருக்க முடியாது.

நெல்லை நேராகக் கொள்முதல் நிலையத்துக்கே கொண்டுபோய்விடுவதால் பத்தாயம் இப்போது காலிதான். உள்ளேயே வைத்துவிடலாமே என்றார் அப்பாயி. அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே பழைய நெல்லின் அந்து இருக்கும், காற்றும் கிடையாது, அதைவிட முக்கியம், உள்ளே வைத்துப் பூட்டினால் எடுத்து வாசிக்க மாட்டார். பரணில் நடந்ததே திரும்ப நடக்கும்.

முடிவு இப்படி ஆனது. தினம் வாசிக்கும் நாட்களில் கிட்டார் கூடத்தில், உள்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்ட ஸ்டாண்டில் நிற்கும், முற்றத்துச் சாரல் எட்டாத தூரத்தில். ஸ்டாண்டை ஊர் ஆசாரி பூவரசு மரத்தில் செய்து கொடுத்தார், கீழே அகலமாக, பூனை இடித்தாலும் சாயாதபடி. கிட்டார் படும் இடங்களில் ரப்பர் வைக்காமல் பருத்தித் துணி சுற்றினோம். நைட்ரோ செல்லுலோஸ் பாலிஷ் போட்ட கிட்டார்களில் ரப்பர் பட்ட இடம் கறை பிடித்து இளகிவிடும், இவருடையது அந்த வகை இல்லை, இருந்தாலும் நாளைக்கு வேறு ஒன்று வாங்கலாம். இரண்டு நாளுக்கு மேல் ஊரில் இல்லையென்றாலோ, மழை பிடித்துக்கொண்டாலோ ஹார்ட் கேஸில் போட்டுப் பத்தாயத்தின் மேல் படுக்க வைப்பது. கேஸுக்குள் சிலிக்கா ஜெல் பையும் ஒரு சின்ன ஈரப்பதமானியும்.

ஈரப்பதமானியை நம்புவதற்கு முன் சோதித்தோம். ஒரு பாட்டில் மூடியில் உப்பு எடுத்து, கரையாமல் சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, அதையும் மானியையும் ஒரு டிபன் டப்பாவுக்குள் வைத்து மூடி ராத்திரி முழுக்க விட்டால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மானி 71 காட்டியது. அதாவது எப்போதும் நான்கு கூட்டிக்கொள்ள வேண்டும். நானூறு ரூபாய் மானிக்கு இது போதும்.

ஐப்பசியும் கார்த்திகையும்

கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீதம் நல்லது என்பார்கள். ஐப்பசியில் டெல்டாவில் அந்த எண்ணைப் பார்க்கவே முடியாது. அடைமழை நாட்களில், நான்கைக் கூட்டியபின், பின்னறைச் சுவர் மூலையில் 90ஐ ஒட்டி இருந்தது. கூடத்தில் 80. கேஸுக்குள் 60லிருந்து 63. நாங்கள் எதிர்பார்த்ததும் அவ்வளவுதான், 50க்குக் கொண்டுவர முயற்சி செய்யவில்லை. மரத்தைக் கெடுப்பது ஒரு எண்ணை விட, வேகமாக ஏறி வேகமாக இறங்குவது. கேஸ் அந்த ஏற்ற இறக்கத்தை மெதுவாக்குகிறது.

சிலிக்கா ஜெல் ஆரஞ்சு நிற வகை, ஈரம் குடித்து நிறைந்தால் பச்சையாகிவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு பழைய அலுமினியத் தட்டில் பரப்பிச் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் மறுபடி ஆரஞ்சுக்கு வரும், நன்றாக ஆறியபின் பையில் போட வேண்டும். அந்தத் தட்டைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது என்று அம்மா அதில் சிவப்புப் பெயின்டில் குறி போட்டுவைத்திருக்கிறார். அவர் நல்லெண்ணத்தில் கேஸுக்குள் பாச்சை உருண்டை நான்கு போட்டுவைத்திருந்ததை நான் பார்த்து எடுத்துவிட்டேன், அதன் ஆவி சில பிளாஸ்டிக் பாகங்களை இளக்கிவிடும்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை, மின்சாரமும் போனது. தம்பி ஆம்ப்பைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டுக் கேஸைப் பத்தாயத்தின் மேல் ஏற்றினார். மின்சாரம் திரும்பி வரும் அந்த முதல் சில நிமிடம் வோல்டேஜ் தாறுமாறாக இருக்கும், இடியும் இருந்தது. நான்காம் நாள் எடுத்துப் பார்த்தபோது சுருதி ஏறக்குறைய அப்படியே இருந்தது. முதல் இரண்டு கம்பியில் துருப்புள்ளி, வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரப்பு. கம்பியை மாற்றினோம், குமிழுக்குக் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீய்ச்சு. அப்பாயியின் பழைய வெள்ளைப் புடவைத் துண்டு ஒன்று கேஸில் நிரந்தரமாக இருக்கிறது, வாசித்து முடித்ததும் கம்பியை அடியிலும் மேலும் துடைப்பதற்கு. வியர்வையைத் துடைக்காமல் வைத்தால் இந்தக் காற்றில் சாதாரணக் கம்பி ஒரு மாதம் தாங்காது.

நெக் மட்டும் நகர்ந்திருந்தது. முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்திப் பிடித்து, ஏழு எட்டாம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்குக் கீழே உள்ள இடைவெளியை அளந்தால் ஆவணியில் நான் வைத்தது 0.25 மில்லிமீட்டர், இப்போது 0.45. நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் உலோகக் கம்பியான டிரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று முடுக்கினேன், ஒரு நாள் விட்டு மறுபடி அளந்தேன், 0.3க்கு வந்து நின்றது. எல்லா நெக்கும் மழைக்கு ஒரே பக்கமாக வளையாது, சிலது எதிர்ப்பக்கம் போகும். அளக்காமல் அதை முடுக்கும் ஆலன் கீயைத் தொடக் கூடாது, ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடவே கூடாது.

பழைய கிட்டார்

அதைத் தஞ்சாவூரில் வீணை செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பலா மரத்தோடு வாழ்நாள் முழுக்கப் பழகிய கை. பார்த்ததும், “வெயில்ல காட்டினீங்களா?” என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும் நிம்மதியானார். ஊறிய மரத்தை வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் முந்திக் காய்ந்து வெடிக்கும், நிழலில், காற்றில், கம்பியைக் கழற்றிவிட்டு மூன்று வாரம் வையுங்கள், அதற்கப்புறம் பேசலாம் என்றார். மழைக்காலம் என்பதால் ஐந்து வாரம் ஆனது. உப்பல் முக்கால்வாசி தானாகவே இறங்கியது.

பிறகு பூஞ்சணத்தைத் துடைத்து, பிரிட்ஜை முழுவதும் பெயர்த்து, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசையிட்டு கிளாம்ப் போட்டு இரண்டு நாள் வைத்தார். உள்ளே விட்டிருந்த சட்டத்தையும் ஒலித்துளை வழியாகவே ஒட்டினார். பெக் ஆறும் மாற்றினோம். இப்போது 10 கேஜ் மெல்லிய கம்பி, அதுவும் ஒரு முழு சுரம் இறக்கி வைத்திருக்கிறோம், அதற்கு மேல் அந்த முகப்பை நம்ப முடியாது. ஓசை பழையபடி இல்லை, நடுவில் கொஞ்சம் மட்டமாகக் கேட்கிறது. ஆனால் வாசிக்கலாம். கூடத்தில் எலக்ட்ரிக்குக்குப் பக்கத்திலேயே, ஆசாரி செய்த இன்னொரு ஸ்டாண்டில் நிற்கிறது. மாமா பொங்கலுக்கு வந்தபோது எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

மறுபடி செய்வதென்றால்

ஹேங்கர் விஷயத்தில் ஃபோனில் பதில் சொல்லியிருக்க மாட்டேன். சுவரின் படத்தையாவது கேட்டிருப்பேன், இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். எலக்ட்ரிக் வாங்கப்போகிறேன் என்று யார் சொன்னாலும், கிட்டாரின் மாடலைப் பற்றிப் பேசுவதற்கு முன் வீட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். வகுப்பை நிறுத்தும் மாணவர்களுக்கு, கம்பியை ஒன்றிரண்டு சுரம் தளர்த்துங்கள், மாதம் ஒருமுறை பையைத் திறங்கள் என்று கடைசி நாளில் சொல்லி அனுப்புகிறேன். இதை 2018லேயே சொல்லியிருந்தால் அந்த அம்மா நிலைவாசலில் அப்படி நின்றிருக்க வேண்டியதில்லை.

கேஸில் பூட்டி வைப்பதைவிட ஸ்டாண்டில் வைப்பதற்கு நான் கூடுதலாகச் சாய்கிறேன், அதில் மாற்றமில்லை. ஸ்டாண்டில் தூசி படியும், ஈரம் கூடுதலாகப் படும், உண்மைதான். ஆனால் தம்பி வேலைக்குக் கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம், வந்தபின் ஒரு மணி நேரம் எடுக்கிறார், எடுக்கும்போதெல்லாம் துடைக்கிறார், சுருதி பார்க்கிறார், எங்காவது கரகரத்தால் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. துருப்புள்ளியை நான்காம் நாளே கண்டுபிடித்தது அப்படித்தான்.

மாசியில் நான் கடைசியாகப் போனபோது கூடத்தில் மானி, நான்கைக் கூட்டியபின், 66 காட்டியது. நெக் 0.28. இனிப் பங்குனி, சித்திரையில் உச்சி வெயிலுக்குக் கூடம் எவ்வளவு காய்கிறது என்று பார்க்க வேண்டும், நெக் எதிர்ப்பக்கம் திரும்பினால் முடுக்கியதைத் தளர்த்த வேண்டி வரலாம். அடுத்த அளவு சித்திரை முதல் வாரம். தம்பியே அளந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார், ஆலன் கீயைக் கேஸ் மூடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்.